வலி நிஜமா, மாத்திரையா?

ஆரம்ப சுகாதார நிலைய பெஞ்சில் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார் ஒரு லாரி டிரைவர். வேண்டியது வலி மாத்திரை. டாக்டருக்கோ சந்தேகம்: வலி நிஜமா, மாத்திரையே பழக்கமாகிவிட்டதா?

வலி எக்ஸ்ரேயில் தெரியாது. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாது. நோயாளி சொல்லும் எண்தான் கணக்கு. தூங்க முடிகிறதா, குனிய முடிகிறதா என்பதையும் கேட்டாக வேண்டும்.

குடிப்பழக்கத்தை அறியவும் நான்கு கேள்விகள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் யூயிங் 1984ல் விளக்கியவை. குறைக்க நினைத்ததுண்டா? பிறர் குறை சொன்னால் எரிச்சல் வருமா? குற்ற உணர்ச்சி? விழித்ததும் குடிக்கத் தோன்றியதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. போலீஸ் தொனியில் கேட்டால் உண்மை வராது.

சந்தேகத்துக்கு இந்தியா தந்த விலை அதிகம். 1985ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், அபின் பயிரிடும் நாட்டிலேயே புற்றுநோயாளிகளுக்கு மார்ஃபின் எட்டாக்கனியானது. லைசென்ஸ்களுக்கு அலைய முடியாமல் பல மருத்துவமனைகள் அதைக் கைவிட்டன. 1993ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சகாக்களும் தொடங்கிய அமைப்பு, கண்காணிப்போடு மார்ஃபினை வீட்டுக்கே தரலாம் என்று காட்டியது. சட்டம் தளர 2014 ஆயிற்று.

சந்தேகம் வீணல்ல. துஷ்பிரயோகம் பெருகியதால்தான் 2018ல் டிரமடால் மாத்திரையும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் நான்கு கேள்விக்கும் டிரைவர் 'ஆமாம்' என்றாலும் அவர் இடுப்புவலி பொய்யாகிவிடாது. சிகிச்சை இரண்டுக்கும் வேண்டும்.