துரு எந்த ஊரிலிருந்து வந்தது?

பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார் அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. தகடு சில்லென்று இருந்தது. "சரி, சூடு பண்ணி வைக்கல" என்றார். பழைய டீசல் வண்டி விற்க வருகிறவர்களில் சிலர் அரைமணி நேரம் முன்பே என்ஜினை ஓட்டிச் சூடேற்றிவிடுவார்கள். டீசலின் நோய்நொடியெல்லாம் காலையில் முதல் செல்ஃப் எடுக்கும்போதுதான் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசி போகும் சாலையோரம் ஒரு டிங்கர் பட்டறை. காலை ஏழரை மணி. அங்கே நின்றிருந்தது 2014 மாடல் பொலிரோ பிக்கப்: 2,523 சிசி, நாலு சிலிண்டர், வெள்ளையாகப் பிறந்து பழுப்பாகிப்போன வண்டி. விற்க வந்தவர் அச்சகங்களிலிருந்து காலண்டர் கட்டுகளைப் பார்சல் ஆபீசுக்கு ஏற்றிப்போகும் இளைஞர். அவர் கேட்ட விலை 3,70,000. வாங்க வந்தவர் திருத்தங்கல்காரர். தீப்பெட்டி லோடு அடிக்க வண்டி தேடுகிறார். நடுவில் நின்ற அண்ணாச்சி, பழைய வண்டிகளை வாங்கி விற்பவர்; தரகும் பார்ப்பார். நான் போனது அவர் எப்படி விலை போடுகிறார் என்று பார்க்க.

செல்ஃப் எடுத்ததும் வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து, ஒரு நிமிடத்தில் நின்றது. குளிரில் எரியாத டீசல், பரவாயில்லை. நீலப் புகை வந்திருந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரில் தொடங்கி நாசில் வரைக்கும் சந்தேகப்பட வேண்டும். ஓடுகிற என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி வரவில்லை. "போர் வேலைக்கு இன்னும் நாளிருக்கு." என்ஜினுக்கு அவர் கொடுத்த நேரம் பத்து நிமிடம்தான். மீதி ஒன்றரை மணி நேரமும் துருவுக்கு.

அதற்குக் காரணம் உண்டு. விருதுநகர் வறண்ட பூமி. கரிசல் காடு, கொளுத்தும் வெயில், எப்போதாவது மழை. இங்கேயே பிறந்து இங்கேயே ஓடும் இரும்பு அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை. ஆகவே ஒரு வண்டியில் துரு கண்டால், 'எம்புட்டு துரு' என்பதைவிட 'எந்த ஊர் துரு' என்பதே முதல் கேள்வி. பாதி பதில் நம்பர் பிளேட்டிலேயே இருந்தது: டிஎன் 69. விருதுநகருக்கு 67, சிவகாசிக்கு 95. 69 என்றால் தூத்துக்குடி. மாநிலத்துக்குள் கை மாறும் வண்டிக்கு நம்பர் மாறுவதில்லை. பிறந்த ஊரை அது கடைசிவரை நெற்றியில் சுமக்கிறது. தூத்துக்குடி என்றால் உப்பு, இல்லையென்றால் மீன்.

மீன் வண்டித் துருவுக்கும் மழைத் துருவுக்கும் வித்தியாசம் கேட்டேன். பட்டறை டிங்கர் பேசாமல் கையைப் பிடித்துக் காட்டினார். மழை மேலிருந்து தின்னும்: கண்ணாடி ரப்பரின் ஓரம், கதவின் அடிப்பக்கம், கேபின் கூரை மடிப்பு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் உள்ளிருந்து தின்னும்: லோடு பாடியின் தரை மூலை, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு. கதவில் கை போகிற அளவு ஓட்டை இருந்தாலும் அது சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். சேஸில் ஒரு விரல் போனால் வியாபாரமே வேண்டாம்.

விருதுநகர் மண்டிகளில் பருப்பு மூட்டைக்குள் குத்தூசி விட்டு நடுவிலிருந்து மாதிரி எடுப்பார்கள். மேலே இருப்பதை நம்பி யாரும் விலை சொல்வதில்லை. 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்துக்காக மருதகாசி எழுதிய உழவுப் பாட்டில்கூட, விளைச்சலை வாங்குகிறவர் விருதுநகர் வியாபாரிதான். அண்ணாச்சியின் அப்பா வத்தல் மண்டியில் கணக்குப் பார்த்தவர். மகனின் கையில் குத்தூசிக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, சேஸ் நெடுக நாலு விரல் தூரத்துக்கு ஒரு குத்து. டங், டங், டங். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டது. அங்கே கருப்புப் பெயின்ட் புதிதாகப் பளபளத்தது. சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. ஆனால் முனை உள்ளே இறங்கவில்லை. பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கதவில் ஓட்டினார். இரண்டு இடத்தில் ஒட்டவில்லை. அடியில் தகரம் இல்லை, பட்டிதான்.

பிறகு அண்ணாச்சி கேட்டது இந்த வட்டாரத்துக்கே உரிய கேள்வி. "தம்பி, மருந்து ஏத்துனீகளா?"

மருந்து என்றால் இங்கே பட்டாசும் அதன் ரசாயனமும். வெடிபொருள் ஏற்றும் வண்டிக்கு 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி தனி உரிமம் வேண்டும். கண்ட வண்டியில் ஏற்றக்கூடாது. இந்த பிக்கப்புக்கு அது கிடையாது. கேள்வி சட்டத்துக்காக மட்டும் கேட்கப்படவில்லை. ரசாயன மூட்டைகளிலிருந்து சிந்தும் உப்புகள் தகடு சேரும் இடுக்கில் தங்கி, ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். அதைவிட, இடுக்கில் மருந்துத் தூள் இருக்கிற பாடியில் வெல்டிங் வைக்க எந்த டிங்கரும் துணியமாட்டார். போல்ட் துளைகளில் வெள்ளி நிறத்தில் அலுமினியத் தூள் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இல்லை. "காலண்டரும் பேப்பரும்தாண்ணே" என்றார் இளைஞர். தன்னிடம் வந்த மூன்று வருடத்துக்குத்தான் அவர் பொறுப்பு. அதற்கு முன்னால் இன்னொரு ஓனர்.

இனி கணக்கு. திருத்தங்கல்காரர் போன வருட இன்சூரன்ஸ் தாளைக் காட்டி, "இதுல மதிப்பே இவ்வளவுதான போட்டிருக்கு" என்று விலையை இறக்கப் பார்த்தார். இன்சூரன்ஸ் கணக்கில் வண்டி ஐந்தாம் வருட முடிவில் பாதி மதிப்பாகிவிடும். அதற்கு மேல் கம்பெனியும் ஓனரும் பேசி வைப்பதுதான் மதிப்பு. அண்ணாச்சி சிரித்தார். "அது எரிஞ்சு போனா வர்ற காசு. ஓடுற வண்டிக்கு அதை வச்சு விலை பேசக்கூடாது." இந்த ஊரில் 'எரிஞ்சு' என்ற சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை.

கேட்ட விலையிலிருந்து அவர் தொடங்கவில்லை. இதே வருடத்து நல்ல வண்டி இந்த மாதம் என்ன விலைக்குப் போனது என்பதுதான் அவருடைய முதல் எண்: 3,80,000. அங்கிருந்து கழித்துக்கொண்டே வந்தார். பாடித் தரையும் குறுக்குச் சட்டமும் மாற்ற 28,000. வழுக்கையான டயர் இரண்டுக்கு 12,000. கிளட்ச் 9,000. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி.; அதற்கான பெயின்ட், லைட் வேலைகளோடு 12,000. இன்சூரன்ஸ் 18,000. சரக்கு வண்டிகளில் 7,500 கிலோ வரைக்குமான மூன்றாம் நபர் பிரீமியமே 2022இல் நிர்ணயித்தபடி 16,049 ரூபாய், வரி தனி. சிகரெட் அட்டையின் பின்பக்கம் மிஞ்சியது 3,01,000.

இளைஞரின் முகம் சுருங்கிவிட்டது. துருவுக்காக ஒரேயடியாக ஐம்பதாயிரம் குறையுங்கள் என்று வாங்குபவர் கேட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். ஒவ்வொரு துருவுக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூலி என்று பிரித்துச் சொன்னதால் எதிர்த்துப் பேச இடமில்லாமல் போனது. இந்த முறையில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை: பழுதுக் கூலியைச் சொன்னது, அந்தப் பழுதைச் சரிசெய்யப்போகிற அதே டிங்கர்.

பருவமும் விலையில் உண்டு. ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். பட்டாசுக் கடைகளிலும் பூஜை போடுவார்கள். அதிலிருந்து தீபாவளி வரை பிக்கப்புக்கு கிராக்கி. தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்ததும் டியூ கட்ட முடியாத வண்டிகள் சந்தைக்கு வரும். 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. "அந்த வருசம் பாதி விலைக்குக் குடுத்தாலும் வாங்க ஆளில்ல" என்றார் அண்ணாச்சி. இப்போது ஆனி மாதம், கிராக்கி தொடங்கப்போகிற நேரம். இளைஞர் பக்கம்தான் காற்று.

3,05,000க்கு முடிந்தது. படிவம் 29, 30இல் கையெழுத்தாயிற்று. ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பதிவு இன்னும் நீங்கவில்லை. படிவம் 35 வரும் வரை முழுப் பணம் கிடையாது. பத்தாயிரம் அட்வான்ஸ் கை மாறியது.

மருந்து ஏற்றவில்லை என்று சொல்லியும் டிங்கர் பாடியைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவினார். அது அவருடைய வழக்கம். பிறகு தரைத் தகட்டின் மூலையைக் கடப்பாரையால் நெம்பினார். அடியில், குறுக்குச் சட்டத்தின் வளைவில், மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தன காய்ந்த மீன் செதில்கள். அண்ணாச்சி குனிந்து ஒன்றை நகத்தால் எடுத்துப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டாயிரம் குறைச்சிருக்கலாம்."