மூடிக் கிண்ணத்தைக் கை சுடாமல் பிடிப்பது எப்படி?



வியாபாரத்துக்காகச் சீனாவுக்குப் போய்வருகிற சகோதரர்கள் நம்ம ஊர்களில் நிறையப் பேர். அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தால், பீரிசு, கிண்ணம், மூடி என்று மூன்று துண்டாக ஒரு பீங்கான் சாமான் இருக்கும். பிடி இருக்காது. "ஒரு தரம் ஊற்றிப் பார்த்தோம், விரல் வெந்துபோச்சு, அப்படியே வெச்சுட்டோம்" என்பார்கள். எங்கள் ஆசிரியர் அறைக்கும் அப்படி ஒன்று அன்பளிப்பாக வந்தது. நாங்கள் நாலு பேர் இடைவேளைகளில் பழகிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இதற்குச் சீனத்தில் 'கைவான்' என்று பெயர். 'கை' என்றால் மூடி, 'வான்' என்றால் கிண்ணம். சுடுவது மட்டும் நம்ம கை!

சுடாமல் இருப்பதற்கான வழி கிண்ணத்தின் வடிவத்திலேயே இருக்கிறது. விளிம்பு வெளிப்பக்கமாக விரிந்திருப்பதைப் பாருங்கள். தண்ணீர் அந்த விரிவுக்குக் கீழேயே நிற்க வேண்டும். அப்படி நின்றால் விளிம்பு அவ்வளவாகச் சூடேறாது. நாமோ விருந்தாளிக்குக் குறைத்து ஊற்றினால் மரியாதைக் குறைவு என்று நினைத்து முட்ட முட்ட ஊற்றுகிறோம். பாதிப் பேருக்கு விரல் சுடுவது இதனால்தான்.

பெருவிரலையும் நடுவிரலையும் விளிம்பின் இரு ஓரங்களில், எதிரெதிராக வையுங்கள். சுட்டுவிரல் மூடியின் குமிழ் மேலே. மற்ற இரண்டு விரல்களும் கிண்ணத்தில் படவே கூடாது. மூடியை இலேசாகச் சரித்து, உங்களுக்கு எதிர்ப்பக்கம் சின்ன இடைவெளி விடுங்கள். ஆவியும் சாயமும் அந்த வழியால் போகும், விரல்கள் இருப்பது பக்கவாட்டில். பிறகு தயங்காமல் நன்றாகச் சரித்து ஊற்றுங்கள். பயந்து பயந்து கொஞ்சங் கொஞ்சமாகச் சரித்தால் சாயம் கிண்ணத்தின் வெளிச்சுவரில் வழிந்து நேரே விரலுக்குத்தான் வரும். முதலில் பச்சைத் தண்ணீரில் பத்துத் தரம் பழகினால் போதும். எங்களில் ஒருவருக்கு மூன்றாம் நாள்தான் சரிவந்தது, அவர் கணித ஆசிரியர்.

இன்னொரு விஷயம், இந்தக் கிண்ணத்துக்கு நம்ம கடைத் தேயிலை ஒத்துவராது. நாம் வாங்குவது பெரும்பாலும் தூளும் சிறு துணுக்கும். மூடி இடைவெளியால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். ஓ.பி. என்று விற்கிற நீள இலைத் தேயிலை என்றால் இலை உள்ளே நிற்கும், சாயம் மட்டும் வரும்.

மூடிக் கோப்பை நமக்கு அந்நியமும் இல்லை. தேயிலை ருசிபார்ப்பவர்களின் மேசையில் மூடியும், விளிம்பில் பல்லும் உள்ள வெள்ளைப் பீங்கான் கோப்பை இருக்கும். 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்பது சர்வதேச அளவு. நேரமானதும் மூடியோடு கோப்பையை அப்படியே கிண்ணத்தின் மேல் சாய்ப்பார்கள், பல்லு வழியே சாயம் இறங்கும். அதற்குப் பிடி உண்டு, அதுதான் வித்தியாசம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது நம்ம கண்டி மாவட்டத்தில்தான். ஆனால் நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போக, நமக்குத் தூள் மிச்சம். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது வேறு. சீனாவின் நிங்சியா, கான்சு பக்கத்தில் வாழும் ஹுய் முஸ்லிம்கள் விருந்தாளிக்கு இதே மூடிக் கிண்ணத்தில்தான் தேநீர் கொடுக்கிறார்கள். தேயிலையோடு கற்கண்டு, இலந்தைப் பேரீச்சை, உலர்ந்த லோங்கன் பழம், எள்ளு எல்லாம் போடுவார்கள். 'எட்டுச் செல்வத் தேநீர்' என்று பெயர். அவர்கள் கிண்ணத்தைத் தனியாகத் தொடுவதில்லை. பீரிசோடு சேர்த்து ஒரு கையில் தூக்கி, மறு கையால் மூடியைப் பிடித்து, மிதக்கிற இலையை அதனால் ஒதுக்கிக் குடிக்கிறார்கள். வாயால் ஊதுவதில்லை. பாத்திரத்தில் ஊதுவதை நபிகளார் (ஸல்) தடுத்ததை நம்ம பிள்ளைகள் மக்தபில் படிக்கிறார்கள், வீட்டுக்கு வந்து ப்ளேன்டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். அவசரப்படாமல் ஆறவிட்டுக் குடிக்க அந்த மூடி ஒரு நல்ல வழி.

இவ்வளவும் எழுதியதற்கு உண்மையான காரணம் ஒரு பிள்ளை. போன தவணையில் எங்கள் மாணவி ஒருத்தி கைக்குக் கட்டுப்போட்டு வந்தாள். வீட்டில் கத்தம். பத்துப் பன்னிரண்டு கிளாஸ் கொதிக்கிற தேத்தண்ணியைத் தட்டில் அடுக்கி, "சபைக்குக் கொண்டுபோ மகள்" என்று அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். வாசற்படியில் கால் தடுக்கியிருக்கிறது. பதறிப்போனவர்கள் பற்பசையைப் பூசிவிட்டார்கள். அது காய்ந்து ஒட்டிப்போய், ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுக்கும்போதுதான் பிள்ளை அதிகம் அழுததாம்.

கைச்சூடு பட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். மணிக்கூடு பார்த்து 20 நிமிடம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பற்பசை, பட்டர், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, சின்னப் பிள்ளை என்றால், அல்லது கொப்புளம் உள்ளங்கையை விடப் பெரிது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சபைக்குத் தட்டைப் பெரியவர்கள் யாராவது தூக்கட்டும். கிளாஸை முக்கால்வாசி நிரப்பினால் போதும். குறைவாக ஊற்றினார்கள் என்று யாராவது குறை சொன்னால் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

கண்டி டவுனில் நல்ல ஓ.பி. தேயிலை சில்லறையாகக் கிடைக்கிற கடை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஆசிரியர் அறைப் பொதி முடியப்போகிறது.