வைர வணிகர்கள் விட்டுப்போன உயில்கள்: சென்னையில் யூதக் குடும்பங்களின் தடம் தேடி...

சென்னை மண்ணடியில் பவழக்காரத் தெரு இருக்கிறது. கேட்டுக் கேட்டுப் பழகிய பெயர் என்பதால், பவழம் எங்கிருந்து இந்தத் தெருவுக்கு வந்தது என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. மன்னார் வளைகுடாவில் கிடைத்தது முத்து. சிவப்புப் பவழம் வந்தது மத்தியதரைக் கடலிலிருந்து. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் மெருகேறி, லண்டனுக்குப் போய், அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மதராஸில் வந்து இறங்கியது. போகும்போது அதே கப்பல்கள் கோல்கொண்டா வைரங்களை ஏற்றிச் சென்றன.

இந்தப் பவழ - வைர வணிகத்தில் பெரும் பங்கு வகித்தவர்கள் யூதர்கள். 300 ஆண்டுகளுக்கு முன் புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி வீடு எடுத்துக் குடியிருந்த அந்தக் குடும்பங்கள் இன்று சென்னையில் இல்லை. ஆனால், அவர்கள் யார், யாருக்கு யார் உறவு, யாரிடம் எவ்வளவு கடன் என்பதை இன்றும் தேடிக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு உதவுபவை நீதிமன்றப் பதிவுகளும் இறந்தவர்களின் சொத்துக் கணக்குகளும்தான்.

கோல்கொண்டாவைத் தேடி...

போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் யூதர்கள் மதம் மாறக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மாறிய பிறகும் ரகசியமாகப் பழைய வழிபாட்டைத் தொடர்கிறார்களா என்று மத விசாரணை மன்றங்கள் வேவு பார்த்தன. அதிலிருந்து தப்பிய பலர் ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்தார்கள். 1656-க்குப் பிறகு லண்டனிலும் அவர்கள் வெளிப்படையாக வாழ முடிந்தது. அந்த லண்டன் குடும்பங்களிலிருந்துதான் 1680-களில் சிலர் கம்பெனியின் அனுமதியோடு மதராஸுக்கு வந்தார்கள்.

1688-ல் மதராஸ் மாநகராட்சியும் மேயர் நீதிமன்றமும் தொடங்கியபோது, 12 ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இடம்பெற்றார்கள். பார்த்தலோமியு ரோட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேகா ஆகிய மூவரும் சேர்ந்து இங்கே ஒரு பெரிய வணிக நிறுவனத்தை நடத்தினார்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்

குடும்ப வரலாறு தேடுபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். ரோட்ரிகஸுக்கு ஜேக்கப் டி செக்வெய்ரா என்று இன்னொரு பெயர் உண்டு. ஃபொன்சேகாவின் மற்றொரு பெயர் ஜேக்கப் ஜெசுருன் அல்வாரெஸ். மத விசாரணைக்குப் பயந்த காலத்தில் வெளியுலகுக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர், ஜெபக்கூடத்துக்கு ஓர் எபிரேயப் பெயர் என்று வாழ்ந்த வழக்கம் கப்பலேறியும் தொடர்ந்தது. மதராஸ் பதிவில் ஒரு பெயர், லண்டன் ஜெபக்கூடப் பதிவில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை ஒரு ஆவணத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. மனைவி பெயர், கூட்டாளி பெயர், இறந்த தேதி ஆகியவற்றை ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர முடியும்.

அந்தத் தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. 1752 வரை இங்கிலாந்தின் கணக்கில் புத்தாண்டு பிறந்தது மார்ச் 25-ல். பதிவில் `1687 பிப்ரவரி’ என்றிருந்தால், நம் கணக்கில் அது 1688. இது தெரியாமல் தேடினால், அப்பா இறந்த பிறகு உயில் எழுதியதுபோலத் தோன்றும்!

மேசை, அலமாரி, ஏலம்

கடல் கடந்து வந்த வணிகர் திடீரென்று காய்ச்சலில் இறந்துபோனால் என்ன ஆகும்? லண்டனில் இருக்கும் வாரிசுக்குச் செய்தி போய்ச் சேரவே பல மாதங்கள் ஆகும். அதற்குள் சரக்கு கைமாறலாம். கடன் வாங்கியவர்கள் மறந்துபோகலாம். அதனால், இறந்தவரின் சொத்தைக் காப்பது நீதிமன்றத்தின் வேலையானது. 1726-ம் ஆண்டு அரச சாசனம், உயில்களை மெய்ப்பித்து புரோபேட் வழங்கும் அதிகாரத்தை மேயர் நீதிமன்றத்துக்குத் தெளிவாகக் கொடுத்தது.

உயில் இருந்தால், சாட்சிகள் வந்து சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால், நெருங்கிய உறவினருக்கோ, பெரும் கடன் கொடுத்தவருக்கோ சொத்தை நிர்வகிக்கும் உரிமை போகும். பிறகு வீட்டிலுள்ள பொருள்களுக்குப் பட்டியல் போட்டு, ஏலம் விடுவார்கள். வராகன், பணம், காசு என்று கணக்கு எழுதப்படும். ஒரு வராகனுக்கு 36 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஏலப் பட்டியல்களில் எந்தப் பொருளை யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்பதும் இருக்கும். ஆக, ஒருவரின் சாவுக் கணக்கிலேயே அவரைச் சுற்றி வாழ்ந்தவர்களின் பெயர்களும் கிடைத்துவிடுகின்றன.

அந்த வணிகர்கள் பேசிய போர்ச்சுகீசிய மொழியும் இங்கேயே தங்கிவிட்டது. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் அந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. `ஏலம்’ என்ற சொல்லையும் அறிஞர்கள் அதே வரிசையில் சேர்க்கிறார்கள். போர்ச்சுகீசியம் அன்று கடற்கரை ஊர்களின் பொதுவான வணிக மொழி.

ஹியரோனிமாவின் கதை

ஜாக் டி பைவா என்ற வைர வணிகர் மனைவி ஹியரோனிமாவுடன் மதராஸ் வந்தார். கோல்கொண்டா சுரங்கப் பகுதிக்குப் போய் வந்தவர், 1687-ல் இங்கேயே இறந்தார். பெத்தநாயக்கன்பேட்டையில், இன்றைய தங்கசாலைத் தெருப் பகுதியில் இருந்த யூதர் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார்.

அந்நிய மண்ணில் தனித்து நின்ற ஹியரோனிமா, பிறகு கோட்டையின் தலைவர் எலிஹு யேலுடன் வாழ்ந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த அதே யேல்தான். ஊரே பேசிய அந்த உறவில் சார்லஸ் என்ற மகன் பிறந்தான். பின்னாளில் ஹியரோனிமா மகனோடு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போனார். மகன் அங்கே இளம் வயதிலேயே இறந்தான். கேப் அன்று டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே இறந்தவர்களின் உடைமைகளைப் பட்டியலிட, `அநாதைகள் சபை’ என்ற தனி அமைப்பே இருந்தது.

ஆம்ஸ்டர்டாம், லண்டன், மதராஸ், கேப் டவுன் என்று ஒரே சமூகம் இத்தனை ஊர்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊரின் சட்டப்படி ஒரு தாள் மிஞ்சியிருக்கிறது.

எங்கே தேடுவது?

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே, காந்தி இர்வின் சாலையிலுள்ள சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முறைப்படி அனுமதி பெற்று இங்கே ஆய்வு செய்யலாம். மேயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் ஒரு பகுதி, புனித ஜார்ஜ் கோட்டை ஆவண வரிசையில் அச்சாகியும் இருக்கிறது. கம்பெனிக்கு அனுப்பப்பட்ட பிரதிகள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இங்கிலாந்திலும் சொத்து வைத்திருந்தவர்களின் உயில்கள் கேன்டர்பரி திருச்சபை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன. அவை கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தத் தாள்கள் பேசுவது சொத்து இருந்தவர்களைப் பற்றி. விட்டுச் செல்ல எதுவும் இல்லாத ஏழை யூதருக்கு இங்கே பக்கம் இல்லை. பெண்கள் பெரும்பாலும் மனைவியாக, விதவையாக மட்டுமே வருகிறார்கள். அந்தக் கால மதராஸ் உயில்களில் வீட்டு அடிமைகளும் வருகிறார்கள். சிலருக்கு விடுதலை, சிலர் அடுத்தவர் கைக்கு. ஒற்றைப் பெயரோடு ஒரு வரியில் முடிந்துபோகும் அவர்களைத் தேடி வெளிநாட்டிலிருந்து எந்தப் பேரப்பிள்ளையும் வருவதில்லை.

இடம் மாறிய கல்லறைகள்

18-ம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைத்ததும், கோல்கொண்டாவின் மவுசு குறைந்தது. வந்த குடும்பங்களில் சில லண்டன் திரும்பின. சில இங்கேயே மறைந்தன. 1763-ல் மதராஸில் இறந்த சாலமன் ஃபிராங்கோவின் காலத்துக்குப் பிறகு, அந்த வணிகக் குடியிருப்பு மெல்லத் தேய்ந்துபோனது.

தங்கசாலைத் தெருவின் பழைய கல்லறைத் தோட்டமும் நிலைக்கவில்லை. எஞ்சிய கல்லறைக் கற்கள் இடம் மாறி மாறி, இப்போது ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில், அதாவது அவ்வை சண்முகம் சாலையில், ஒரு சிறிய வளாகத்தில் இருக்கின்றன. கல் இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. ஆள் புதைந்த இடத்தில் கல் இல்லை. அதனால்தான் அந்தக் குடும்பங்களுக்கு நீதிமன்றத் தாள்கள் இவ்வளவு முக்கியம்.

நமக்கும்தான். அதே பக்கங்களில் யூத வணிகரோடு வழக்காடிய செட்டியார், கணக்கு எழுதிய துபாஷி, சரக்கு கொடுத்த உள்ளூர் வியாபாரி என நம் ஊர்க்காரர்களும் நிற்கிறார்கள். தாள் நொறுங்கிப் போவதற்குள் அவற்றை யாராவது புரட்டிப் பார்த்துப் படியெடுத்து வைத்தால், பவழக்காரத் தெருவில் கடை வைத்திருந்தவர்களின் பெயர்களும் ஒருநாள் நமக்குத் தெரியவரலாம்.