நடத்தைச் சான்றிதழ்

கள்ளிக்குப்பத்தில் பாதிப் பேருக்கு நான் ‘எஸ்டேட் சார்’. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரயில்வேக்குச் சாமான் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் டெண்டர் வேலை முழுக்க என் மேஜையில்தான் நடந்தது. கம்பெனி பெயர் வேண்டாம். இங்கே பேச்சு என்னைப் பற்றி.

டெண்டர் போடுவதற்கு முன்பே போட்டிக் கம்பெனிகளோடு போனில் ரேட் பேசி முடித்துவிடுவோம். இந்தத் தடவை எல்-1, அதாவது குறைந்த ரேட், யார், ஆர்டரில் யாருக்கு எவ்வளவு, எல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். மற்றவர்கள் கொடுப்பது சப்போர்ட் கொட்டேஷன், பெயருக்குப் போடும் கூடுதல் ரேட். அதையும் பல சமயம் எங்கள் ஆபீசிலேயே அடித்தோம். டைப் அடித்த பெண் ஒரு நாள் கேட்டாள்: “சார், போட்டிக் கம்பெனி லெட்டரை நாமளே அடிக்கிறமே?” “அடிம்மா, இது பழக்கம்தான்” என்றேன். ஆன்லைன் டெண்டர் வராத காலம். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகைக்கான (இ.எம்.டி.) டிராஃப்டுகளைக்கூட ஒரே பேங்கில் ஒன்றாக எடுத்தோம். நம்பர்கள் வரிசையாக நின்றன. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம்.

அவள் சம்பளத் தகராறில் வெளியேறினாள். நான் ரிட்டயர் ஆனேன். அதற்கப்புறம்தான் இப்படிப்பட்ட கூட்டுச் சதிகளை விசாரிக்கும் போட்டி ஆணையத்தின் விசாரணை வந்தது. வேலையில் இருப்பவன் வாயைத் திறக்க மாட்டான் என்பது தெரிந்து, விலகிப்போனவர்களைத் தேடினார்கள். அவள் சத்தியப் பிரமாணம் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கம்பெனி வக்கீல் என் வீட்டுக்கு வந்தார். கையில் அஃபிடவிட் தயார். அந்தப் பெண் ஒழுங்கீனமானவர், நிர்வாகத்தின் மேல் வன்மம் கொண்டவர் என்று அதில் இருந்தது. வன்மம் உண்மை, பாக்கிச் சம்பளத்தைப் பிடித்து வைத்தால் யாருக்குத்தான் வராது? ஒழுங்கீனம் பச்சைப் பொய். “உங்க வார்த்தைக்கு வெயிட் இருக்கு சார்” என்றார் வக்கீல். காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை, பணமும் தரவில்லை. அவள் சொன்னது நிற்குமானால் அடுத்த கேள்வி, அடிக்கச் சொன்னது யார் என்பதுதான்.

எனக்கும் வழி இருந்தது. கூட்டுச் சதியைத் தாமாக வந்து சொன்னால் அபராதம் குறையும் என்ற விதி 2009 முதல் உண்டு. ரயில்வே ஃபேன் டெண்டர் கூட்டுச் சதி வழக்கில் 2017 ஜனவரியில் ஒரு கம்பெனிக்கு 75 சதவீதம் குறைத்தார்கள். அதே வருடம் தனி ஆளும் விண்ணப்பிக்கலாம் என்று விதியைத் திருத்தினார்கள். பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

ஸ்டான்லி ஆடம்ஸ் கதை தெரிந்தது பிற்பாடு. ரோஷ் மருந்துக் கம்பெனியின் வைட்டமின் வியாபாரத் தில்லுமுல்லை 1973-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் சொல்லிவிட்டு வேலையை விட்டவர். ஆணையம் கம்பெனியிடம் கொடுத்த நகல்களே அவரைக் காட்டிக்கொடுத்தன. 1974 டிசம்பர் 31 அன்று சுவிட்சர்லாந்தில் கைது. அவர் காவலில் இருந்தபோது மனைவி தற்கொலை செய்துகொண்டார். ஆணையம் நஷ்டத்தில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வர 1985 ஆனது. அங்கே ஆணையத்தின் கவனக்குறைவு. நான் தெரிந்தே செய்தேன்.

என் பொய் கம்பெனியையும் காப்பாற்றவில்லை. டிராஃப்ட் நம்பர்களே போதுமானவையாக இருந்தன. ஆனால் அஃபிடவிட்டின் நகல் கேஸில் இருந்த எல்லாக் கம்பெனிக்கும் போயிருந்தது. எஸ்டேட்டில் அவள் வேலை கேட்டுப் போன இடங்களில் அது முந்திக்கொண்டது.

அதை இனி வாபஸ் வாங்க முடியுமா என்று எந்த வக்கீலையும் நான் கேட்கவில்லை. கேட்டால் வழி சொல்லிவிடுவார்.