கிணற்று நீச்சல்காரியின் கடல் மூட்டை

"பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர்க்காரி உனக்குக் கடலுக்கு அடியிலே என்ன வேலை?" என்று கேலி செய்தார் என் பெரிய நாத்தனார். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் ஒரு ரகசியம்: திண்டுக்கல்லுக்குப் பக்கத்துக் கிராமத்துத் தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவள் நான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரில் இறங்கியதில்லை, அவ்வளவுதான்.

2019 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பல் பயணம் முடிவாயிற்று. பகலில் தீவு, இரவில் கப்பல். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் பார்க்கலாம். முழுகிப் பவளப்பாறை பார்க்கவும் வசதி உண்டு என்றார்கள். உடனே வீட்டில் ஆரம்பித்தது, என்னென்ன எடுத்துப் போவது என்ற விவாதம்!

"ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கணுமாடி?" என்றார் என்னவர். புதுச்சேரியில் ஸ்கூபா கற்ற அக்கா மகன்தான் விளக்கினான்: "அதுலே ஆக்ஸிஜன் இல்லே சித்தப்பா, நாம சுவாசிக்கிற சாதாரணக் காத்தை அழுத்தி அடைச்சிருக்காங்க. ஒரு சிலிண்டரே பதினாலு, பதினஞ்சு கிலோ. அதெல்லாம் அங்கேயே தருவாங்க. முகத்துக்கும் உடம்புக்கும் அளவா இருக்க வேண்டியதை மட்டும் சொந்தமா எடுத்துக்குங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் மூட்டை பாதியாகக் குறைந்தது.

முதலில் முகமூடிக் கண்ணாடி. "நீச்சல் கண்ணாடி போதாதா?" என்று கேட்டேன். போதாதாம். கொடைக்கானல் மலை ஏறி இறங்கும்போது காது அடைக்கிறதல்லவா? தண்ணீருக்குள் சில அடி இறங்கினாலே அப்படித்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அடைப்பை நீக்க வேண்டும். கண்ணாடிக்குள்ளும் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட வேண்டும். இல்லாவிட்டால் அது கண்ணை அழுத்தும். ஆகவே மூக்கையும் மூடுகிற கண்ணாடிதான் வேண்டும். எனக்குப் பார்வை மைனஸ் நான்கு என்பதால் பவர் உள்ள கண்ணாடி வாங்கினோம்.

அளவு பார்க்கச் சுலபமான வழி உண்டு. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டால் சரியான அளவு. புதுக் கண்ணாடியின் உட்புறத்தைப் பற்பசையால் தேய்த்துக் கழுவினால் பனி மூட்டம் குறையும். உடையாமலிருக்க அதை எவர்சில்வர் சம்படத்தில் வைத்தேன்!

அடுத்து உடை. பருத்திச் சுடிதார் நனைந்தால் கனக்கும். முழங்கை மறைக்கும் நீச்சல் உடை வெயிலுக்கும் காப்பு, நம் கூச்சத்துக்கும் காப்பு. துடுப்புக் காலணியை விட்டுவிட்டோம். தீவருகே பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு மாற வேண்டும். அப்போது இரண்டு கையும் காலியாக இருப்பது நல்லது. தோள்பை ஒன்றே போதும்.

இனிதான் மனசு கனத்த விஷயம். பதினான்கு வயது மகளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். முழுகுவதற்கு முன் உடல்நிலை பற்றிய படிவம் நிரப்ப வேண்டும் என்றதும், எங்கள் டாக்டரிடம் கேட்டேன். "இவ முழுக வேண்டாம். மேலேயே மிதந்து குழாய் வழியா மூச்சு விட்டுப் பார்க்கட்டும், மருந்து பக்கத்திலே இருக்கட்டும்" என்றார். படிவத்தில் மறைத்து எழுதினால் யாருக்குத் தெரியும் என்று மகள் கெஞ்சினாள். கடலுக்கு அடியில் மூச்சு முட்டினால் எந்தப் படிவம் காப்பாற்றும்? நானும் போகவில்லை என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ போம்மா. பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

இன்னொரு திருத்தமும் செய்தோம். கடைசி நாள் நிதானமாக முழுகலாம் என்று இருந்தோம். திரும்பும் வழியோ மூணாறு மலை! முழுகியபின் விமானமோ உயர்ந்த மலையோ ஏறக் குறைந்தது 12 மணி நேரம் போக வேண்டும். பலமுறை முழுகினால் 18 மணி நேரம். இல்லாவிட்டால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகித் தொல்லை தரும். எனவே முதல் தீவான கவரத்தியிலேயே முழுகினேன்.

பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். என் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தன. கிணற்றடியில் குதித்த பத்து வயதுப் பெண் திரும்பி வந்துவிட்டாள்!

மறுநாள் கல்பேனியின் ஆழமில்லாத தண்ணீரில் மகளும் நானும் கைகோத்து மிதந்தோம். ஒரு மீனைக் காட்டி அவள் என் கையை இறுக்கிய இறுக்கு இன்னும் நினைவிருக்கிறது. பவளத்தைத் தொடவில்லை, அதை எடுப்பது சட்டப்படி குற்றமும் கூட.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினேன். கண்ணாடி மறுபடி சம்படத்துக்குள் போயிற்று. "அண்ணன் பொண்டாட்டி கடலையே டப்பாவிலே போட்டுக் கொண்டாந்துட்டா" என்கிறார் நாத்தனார். அடுத்த தடவை அவருக்கும் ஒன்று வாங்கியாக வேண்டும் போலிருக்கிறது!