நேர்ச்சுவர்த் தோட்டா: சட்டம் வார்த்த பித்தளை

ஒஹையோவின் மேற்குப் பகுதியும் அதை ஒட்டிய இண்டியானாவும் மேடு பள்ளம் அதிகமில்லாத நிலம். சோளமும் சோயாவும் அறுத்து முடிந்த நவம்பர் கடைசியில் கண்ணுக்கெட்டிய வரை தட்டையின் அடிக்கட்டைகள்தான். நடுவே ஒரு தானியக் குதிர், ஒரு தொழுவம், ஒரு வீடு. நன்றியறிதல் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை ஒஹையோவில் துப்பாக்கி மான்வேட்டை வாரம் தொடங்குகிறது. 1904 வாக்கில் அந்த மாநிலத்தில் வெள்ளைவால் மான் அற்றே போயிருந்தது. 1943இல் மூன்றே மாவட்டங்களில் வேட்டையை மறுபடி திறந்தார்கள். இப்போது ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மான்கள் சுடப்படுகின்றன. திரும்பி வந்த மான் காட்டோடு நிற்காமல் வயலுக்கும் வீட்டோரத்துக்கும் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பக்கத்து மாநிலங்கள் நெடுங்காலம் ரைஃபிளை மான்வேட்டைக்கு விடவில்லை. ஷாட்கன்னில் போடும் ஒற்றைக் கனக்குண்டு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி, இவைதான் பொதுவான ஆயுதங்கள். குறி தவறிய ரைஃபிள் குண்டைத் தாங்க இந்த நிலத்தில் மண்மேடு இல்லை என்பது காரணம். நேர்ச்சுவர்த் தோட்டாக்களின் புதிய வரிசை பிறந்தது இந்தக் கவலையிலிருந்து. கவலை நியாயமானது, அதற்காக எழுதிய விதி மட்டும் தவறான இடத்தை அளக்கிறது என்பது என் கட்சி. அதற்கான சான்றுகளைத் தேடி எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டியதில்லை. வீட்டின் பின்கட்டில் தன் தோட்டாவைத் தானே கட்டுகிறவரின் மேசையிலேயே அவை கிடக்கின்றன.

அந்த மேசை ஒரு சிறு பட்டறை. கனத்த பலகையில் திருகி இறுக்கிய பிரஸ், அதன் தலையில் மாற்றிப் போடும், சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் டைகள், மருந்து நிறுக்கும் தராசு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் காலிப்பர், ஒரு டப்பா நிறையச் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள். தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: கூடு, அதன் அடியில், தீபாவளித் துப்பாக்கியின் கேப்பைப் போலத் தட்டினால் பொறி விடும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. மற்ற மூன்றும் ஒரே வெடியில் போய்விடும், கூடு மட்டும் திரும்ப வரும். கைத்தோட்டாத் தொழில் முழுக்க அந்தக் கூட்டின் மேல்தான் நிற்கிறது. இன்றைய ரைஃபிள் கூடுகளில் பெரும்பாலானவை கூஜா வடிவம்: அகன்ற உடல், சரிந்த தோள், ஒடுங்கிய கழுத்து. நிறைய மருந்தைச் சிறு குண்டின் பின்னால் அடைத்து வேகம் கூட்டுகிற வடிவம் அது. நேர்ச்சுவர்க் கூடு தம்ளர் மாதிரி, அடியிலிருந்து வாய்வரை ஏறக்குறைய ஒரே அகலம். 1873இல் அமெரிக்கப் படைக்கு வந்த .45-70 இந்தத் தம்ளர் இனம்தான். கருமருந்துக் காலத்துக்கு அது போதுமாக இருந்தது. 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பிறகு கூஜா முன்னுக்கு வந்தது, தம்ளர் பெரும்பாலும் கைத்துப்பாக்கியோடு ஒதுங்கிக்கொண்டது. நூறாண்டுக்கு மேல் கழித்து அது ரைஃபிளுக்குத் திரும்பியிருக்கிறதென்றால், அதை அழைத்து வந்தது அரசாங்க விதி.

இண்டியானா 2007இல் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் ரைஃபிள்களுக்கு வழிவிட்டது. குண்டின் விட்டம் .357 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கூட்டின் நீளம் 1.16 முதல் 1.625 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று அளவு சொன்னது. சுவர் நேராக இருக்க வேண்டுமென்று சொல்லவில்லை. மேசைக்காரர்கள் காலிப்பரைக் கையில் எடுத்தார்கள். வின்செஸ்டர் சில ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்த குட்டை மேக்னம் கூடு ஒன்று இருந்தது. தடித்த உடல், 1.67 அங்குல நீளம், அசல் கூஜா. அதன் கழுத்தை .358 குண்டுக்கு விரித்து, வாயை 1.625க்கு வெட்டினார்கள். விதிக்குப் பொருந்தியது, வேலையில் முழு ரைஃபிளாக இருந்தது. 2014இல் ஒஹையோவும் மிச்சிகனின் தென்பகுதியும் நேர்ச்சுவர் என்ற சொல்லையே விதியில் எழுதின. 2017இல் அயோவா சேர்ந்துகொண்டது. மிச்சிகன் கூட்டின் உச்ச நீளம் 1.80 அங்குலம் என்றது, 2.105 அங்குலம் நீண்ட .45-70, நேர்ச்சுவர்களின் பாட்டன், அந்த வாசலில் நுழைய முடியாமல் நின்றது. பிறகு நிறுவனங்கள் வந்தன. 2007இல் வேறு நோக்கத்துக்காக வந்திருந்த .450 புஷ்மாஸ்டருக்கு, 1.70 அங்குலக் கூடு என்பதால், எதிர்பாராத மறுவாழ்வு கிடைத்தது. வின்செஸ்டர் 2019இல் அறிவித்த .350 லெஜண்டின் கூடு 1.71 அங்குலம். 2023இல் .400 லெஜண்ட் 1.65. அதே ஆண்டு ரெமிங்டன் கொண்டுவந்த .360 பக்ஹாமர் சரியாக 1.80 அங்குலம். தையற்காரர் உடம்பை அளந்து துணி வெட்டுவதுபோல் இங்கே விதியை அளந்து பித்தளை வெட்டியிருக்கிறார்கள்.

இதில் பக்ஹாமரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வழக்கு முழுவதும் அந்த ஒரு கூட்டில் அடங்கியிருக்கிறது. அதன் தாய்க்கூடு 1895இல் வந்த .30-30. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்க மான்வேட்டையின் சாதுவான தோட்டா அது. லீவர் இழுத்துச் சுடும் துப்பாக்கியில் 170 கிரெய்ன் எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் விடும். லேசான தோளும் கழுத்தும் உண்டு என்பதால் ஒஹையோவின் நேர்ச்சுவர் விதியில் அதற்கு இடமில்லை. அந்தத் தோளை நீக்கி, வாயை .358 குண்டுக்கு விரித்து நேராக்கியது பக்ஹாமர். 180 கிரெய்ன் குண்டை 2,400 அடி வேகத்தில் விடுகிறது. கணக்குப் போட்டால் துப்பாக்கி வாயில் குண்டின் ஆற்றல் தாயைவிட மகளுக்குக் கால் பங்குக்கு மேல் அதிகம். சாதுவான தாய்க்குத் தடை, பலசாலி மகளுக்கு அனுமதி. .350 லெஜண்டுக்கு அனுமதித்த உச்ச அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு; .30-30க்கு 42,000தான். அழுத்தமும் வேகமும் ஆற்றலும் ஏறட்டும், தோள் மட்டும் இருக்கக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு விதி சொல்லுமானால், அது பாதுகாப்பை அளக்கவில்லை என்றுதான் நான் கொள்வேன்.

இதற்கு உடனே வரும் மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. நேர்ச்சுவர்த் தோட்டாவின் குண்டு பருமனானது, மழுங்கிய மூக்கு கொண்டது, காற்றில் விரைவாக வேகம் இழக்கும். கூஜாவின் கூரிய குண்டைப்போல நெடுந்தூரம் போகாது என்பார்கள். உண்மை. இருநூறு கஜத்துக்கு அப்பால் இவை வேகமாகத் தாழ்கின்றன; வேட்டைக்காரர்களே இவற்றைக் குறுந்தூரத் தோட்டா என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வயலில் கேட்க வேண்டிய கேள்வி, தவறிய குண்டு எங்கே போய் நிற்கிறது என்பது. பென்சில்வேனியாவின் சட்டமன்றக் குழு ஒன்றுக்காக 2007இல் செய்த ஆய்வு இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. துப்பாக்கியை 35 பாகை உயர்த்திச் சுட்டால் .30-06 ரைஃபிள் குண்டு 13,900 அடிக்கு மேல் போகும், ஷாட்கன் கனக்குண்டு 10,300 அடிக்கு மேல் போகும். அதாவது ஒன்று நாலே கால் கிலோமீட்டர், மற்றது மூன்று கிலோமீட்டர். சோளக்காட்டின் கோடியில் இருக்கும் வீட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னும் கவனிக்கத்தக்கது, துப்பாக்கியைத் தரைக்கு இணையாகப் பிடித்துச் சுட்டபோது கிடைத்த முடிவு: தரையில் பட்டுத் தெறித்த பிறகும் சேர்த்துக் கணக்கிட்டால், பாதுகாப்பானது என்று இத்தனை காலம் நம்பிய ஷாட்கன் குண்டே ரைஃபிள் குண்டைவிடச் சற்று அதிகம் போனது. நேர்ச்சுவர்க் குண்டுகள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் மழுக்கத்தில் அவை ஷாட்கன் குண்டின் பக்கம்தான் நிற்கின்றன. தெறிப்பிலும் அந்தப் பக்கம் நிற்கலாம் என்பது என் ஊகம்.

‘நேர்’ என்ற சொல்லே மேசையில் நிற்பதில்லை. .350 லெஜண்ட் கூட்டின் அடி விட்டம் .390 அங்குலம், வாய் .378. .450 புஷ்மாஸ்டருக்கு அடியில் .500, வாயில் .480. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவு கைக்குத் தெரிந்துவிடும். உண்மையாகவே நேரான ரிவால்வர் கூடுகளை கார்பைடு வளையம் வைத்த டையில் எண்ணெய் தடவாமலே அழுத்தி எடுத்துவிடலாம். லெஜண்ட் கூட்டை அப்படித் தள்ளினால் டைக்குள் சிக்கிக்கொள்ளும், பிறகு அதைப் பிடுங்குவது ஒரு நாள் வேலை. எண்ணெய் தடவும் விரல் எழுதும் வரையறைக்கும் சட்டமன்றம் எழுதிய வரையறைக்கும் உள்ள தூரம் இது.

அதே மேசையில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். கூஜா வடிவத் தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் தோளில் முட்டி நிற்கும். லெஜண்டுக்கும் புஷ்மாஸ்டருக்கும் தோள் இல்லை, வெளியே துருத்தும் விளிம்பும் இல்லை. கூட்டின் வாய் விளிம்புதான் அறையின் முனையில் முட்டி முழுத் தோட்டாவையும் நிறுத்துகிறது. அதனால் கூட்டை அளவுக்கு மேல் வெட்டிவிட்டால் தோட்டா அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும். குண்டைப் பிடிக்க வாயை உள்நோக்கிச் சுருட்டி மடித்தாலும் முட்டி நிற்கும் விளிம்பு போய்விடும். பக்கவாட்டில் லேசாக இறுக்கத்தான் வேண்டும். பக்ஹாமரில் எல்லாம் தலைகீழ். அதற்கு அடியில் விளிம்பு உண்டு, குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் லீவர் துப்பாக்கிக்கானது. உதைப்பில் குண்டு உள்ளே தள்ளப்படாமலிருக்க வாயைச் சுருட்டியே ஆக வேண்டும். குழாயில் பின்தோட்டாவின் மூக்கு முன்தோட்டாவின் பிரைமரில் உரசி நிற்பதால் கூரான உலோக முனை கூடவே கூடாது. குண்டின் விட்டமும் அப்படித்தான். லெஜண்டின் ஆலைக் குண்டு .355 அளவு, .357 மேக்னத்தின் குண்டு பெயருக்கேற்ற அளவு, பழைய .35 ரெமிங்டனின் குண்டு .358. இடைவெளி ஒரு தலைமயிரின் தடிமன்தான். அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் முப்பத்தைந்துக் குண்டு லெஜண்டுக்கும் ஆகும் என்று நினைத்தவர்களைக் காலிப்பர்தான் திருத்தியது. இந்தத் தோட்டாக்களில் பலரும் போடும் ஹெச்110 மருந்தை, கூட்டினால் மட்டுமல்ல, அதிகம் குறைத்தாலும் ஆபத்து என்று விற்கும் நிறுவனமே எச்சரிக்கிறது. கையேட்டில் அச்சிட்ட அளவை மீறாதவர், ஒவ்வொரு கூட்டையும் அளந்து பார்க்கிறவர், ஒரு வேலை முடியாமல் அடுத்ததைத் தொடாதவர்: பாதுகாப்பு அந்தப் பழக்கத்தில் இருக்கிறது. நேர்ச்சுவரோ கூஜாவோ, இந்தப் பழக்கம் இல்லாதவர் கையில் இரண்டும் ஒன்றே.

இதெல்லாம் வியாபாரத் தந்திரம், புதுத் தோட்டா விற்றால் புதுத் துப்பாக்கியும் விற்கும், இதில் கைவினை எங்கே வந்தது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வியாபாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரிசை அப்படி இல்லையே. விதியின் இடுக்கை முதலில் கண்டவர்கள் இண்டியானாவின் மேசைக்காரர்கள். கடைகளில் லெஜண்ட் வருவதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்திய சங்கதி அது. மிசௌரியின் செடாலியாவில் இருக்கும் ஸ்டார்லைன் போன்ற ஆலை, முழுத் தோட்டா செய்யாமல் வெறும் பித்தளைக் கூடுகளை மட்டுமே செய்து விற்றுப் பிழைக்கிறதென்றால், அதை வாங்கும் கைகள் நாடெங்கும் இருப்பதால்தான். 2020-21 தோட்டாத் தட்டுப்பாட்டில், ஆலைகள் ஆண்டுக்கொரு முறை செய்யும் வேட்டைத் தோட்டாக்கள் கடைகளில் காணாமல் போனபோது, கூடுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் வேட்டைக்குப் போனார்கள். நல்லதும் நடந்திருக்கிறது: பன்னிரண்டு போர் ஷாட்கன்னின் உதைப்பைத் தாங்க முடியாத சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் லெஜண்ட் உண்மையான உபகாரம். உதைப்புக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுக்காத கையின் குண்டு மானில் படும், வயலைக் கடந்து போகாது. விதி தேடாமல் கிடைத்த பாதுகாப்பு இது.

கடைசி மறுப்பை நான் அவ்வளவு சுலபமாக ஒதுக்க மாட்டேன். வேட்டைக் காவலர் வயல் வரப்பில் நின்று ஆற்றலையும் தெறிப்பையும் கணக்கிட முடியாது. கையில் ஒரு தோட்டாவை வாங்கிப் பார்த்ததும் ஆமா இல்லை என்று சொல்லத்தக்க விதி வேண்டும், வடிவம் அதற்கு வசதி. சரி. ஆனால் கண்ணால் சரிபார்க்கத்தக்கது தோட்டாவின் தோள் ஒன்று மட்டும்தானா? விஸ்கான்சின் 2013இல் மாநிலம் முழுவதும் ரைஃபிளை அனுமதித்துவிட்டது. இண்டியானாவும் 2016இல் தனியார் நிலத்தில் .30-30 உட்படச் சில கூஜாக்களுக்கு வழிவிட்டது. இல்லினாய் 2023இல் வேறொன்று செய்தது. நேர்ச்சுவர் என்ற அளவை அது முழுக்க விடவில்லை, ஆனால் ஒரே தோட்டா கொள்ளும் ஒற்றைச் சுற்றுத் துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்று சேர்த்தது. ஓடுகிற மானின் பின்னால் இரண்டாவது, மூன்றாவது குண்டு அனுப்பும்போதுதான் பின்னணியில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கண் மறக்கிறது. அடுத்த தோட்டாவைக் கையால் எடுத்துப் போட வேண்டியவருக்கு அந்தப் பார்வைக்கு நேரம் கிடைக்கிறது. காவலருக்கும் சரிபார்ப்பது எளிது. சுடுகிறவரின் கையைத் தொட்ட விதி அது. ஒஹையோ இன்னும் தோளைத்தான் அளந்துகொண்டிருக்கிறது.