பொல்பிட்டியவில் தண்ணீர் எழுதும் கணக்கு

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றாகிக் களனி கங்கை எனப் பெயர் பெறும் பகுதியை ஒட்டி அமைந்திருக்கிறது பொல்பிட்டிய. 1969ஆம் ஆண்டு முதல் அங்கே ஒரு நீர்மின் நிலையம் இயங்கி வருகிறது. அதற்கு வரும் தண்ணீர் புதிய தண்ணீர் அன்று. மேலே லக்ஷபான நிலையங்களில் ஒருமுறை உழைத்து, குளத்தில் சற்றே இளைப்பாறி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே மீண்டும் உழைக்க வருகிற தண்ணீர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஹற்றன் பகுதியில் ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குச் சென்றிருந்தேன். உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி ஒருத்தி அருகில் வந்து, "சேர், உந்தம் அழியாது என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் உருட்டிவிட்ட பந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதே, அதன் உந்தம் எங்கே போனது?" என்று கேட்டாள். பரீட்சையில் வரக்கூடிய கேள்வி அன்று. அதனினும் நல்ல கேள்வி. பத்திரிகையாளனான எனக்கும் பிடித்தமான கேள்வி. காணாமற்போனதாகச் சொல்லப்படும் எதுவும் யாரிடமோ போய்ச் சேர்ந்திருக்கும் என்பதுதானே எங்கள் தொழிலின் முதற்பாடம்!

உந்தம் என்பது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. (இலங்கைப் பாடநூல்கள் 'திணிவு' என்பதைத் தமிழகப் பாடநூல்கள் 'நிறை' என்கின்றன, இங்கே 'நிறை' என்றால் அங்கே 'எடை'. கடல் கடந்து படிக்கும் பிள்ளைகள் இதில் தடுமாறுவதுண்டு.) வெளியிலிருந்து விசை எதுவும் தாக்காத ஒரு தொகுதியின் மொத்த உந்தம் மாறுவதில்லை என்பதே உந்தக் காப்பு விதி. 1644இல் டேக்கார்ட் இக்கருத்தை எழுதியபோது திசையைக் கணக்கில் கொள்ளவில்லை. அதனால் அவர் வகுத்த மோதல் விதிகளிற் பல பிழைத்தன. திசையும் சேர்ந்ததே உந்தம் என்பதை ஹைகன்ஸ் முதலியோர் பின்னர் தெளிவுபடுத்தினர். கிழக்கே போகும் உந்தமும் மேற்கே போகும் உந்தமும் வரவும் செலவும் போன்றவை.

அப்படியானால் அந்தப் பந்து? அது தன் உந்தத்தை உராய்வின் வழியே தரைக்குக் கொடுத்துவிட்டது. தரை என்றால் பூமி. பூமியின் திணிவு மிகப் பெரிது; ஆதலால் அது பெற்ற வேகம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பந்தை மட்டும் வட்டமிட்டுப் பார்த்தால் உந்தம் தொலைந்தது போலத் தோன்றும். வட்டத்தைப் பெரிதாக்கிப் பூமியையும் உள்ளே சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும். அவளிடம் இவ்வளவுதான் சொன்னேன். நேரமிருந்திருந்தால் தண்ணீரின் கதையையும் சொல்லியிருப்பேன்.

லக்ஷபானவில் உள்ளவை பெல்ற்றன் சக்கரங்கள். அமெரிக்கரான லெஸ்டர் பெல்ற்றன் 1880இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உயரத்திலிருந்து இறங்கும் நீர், கூர்மையான தாரையாகப் பாய்ந்து, சக்கரத்தின் விளிம்பிலுள்ள கிண்ணங்களைத் தாக்குகிறது. தட்டையான பலகைகளை வைக்காமல் ஏன் கிண்ணங்களை வைத்தார்கள்? விடை உந்தத்தில் இருக்கிறது.

தாரையின் வேகம் செக்கனுக்கு 80 மீட்டர் என்றும், கிண்ணம் அதே திசையில் 40 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றும் கொள்வோம். கிண்ணத்திலிருந்து பார்த்தால் நீர் 40 மீட்டர் வேகத்தில் வந்து, வளைந்து, 40 மீட்டர் வேகத்தில் திரும்பிப் போகிறது. நிலத்தில் நிற்கும் நமக்கோ, அந்த நீரின் வேகம் சுழியம். அது தன் உந்தம் முழுவதையும் சக்கரத்திடம் ஒப்படைத்துவிட்டுச் சோர்ந்து கீழே விழுகிறது. ஒவ்வொரு கிலோகிராம் நீரும் கொண்டுவந்த 3,200 யூல் சக்தியும் சக்கரத்துக்கே. தட்டையான பலகையாயின் நீர் பக்கவாட்டில் சிதறும்; சக்கரத்துக்குப் பாதிதான் கிடைக்கும். உராய்வால் நேரும் இழப்புகளை இங்கே விட்டுவிட்டேன்.

வந்ததைத் தடுத்து நிறுத்துவதைக் காட்டிலும் திருப்பி அனுப்புவதற்கு இருமடங்கு கொடுக்கல் வாங்கல் தேவை. பந்தைப் பிடிக்கும் கையையும், அதைத் திருப்பி அடிக்கும் மட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பொல்பிட்டியவில் இருப்பவை பிரான்சிஸ் வகைச் சுழலிகள். அங்கே நீர் சுழன்றுகொண்டே உள்ளே நுழைந்து, சுழற்சியை இழந்து வெளியேறுகிறது. இழந்தது கோண உந்தம். பெற்றது சுழலியின் அச்சு. விதி அதுவேதான்.

உந்தம் பொல்லாததும் ஆகும். ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள சுரங்கத்தில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குள் 1,000 தொன் நீர் இருக்கும். அது செக்கனுக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்கையில், 10 செக்கனில் நிறுத்துவதற்கு ஏறக்குறைய 30 தொன் எடைக்கு நிகரான விசை தேவை. 2 செக்கனில் நிறுத்துவதற்கு 150 தொன். அடைப்பிதழைச் சட்டென்று மூடினால் குழாய் வெடிக்கவும் கூடும். மொஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் இதை ஆராய்ந்து ஜுக்கோவ்ஸ்கி 1898இல் எழுதினார். அதனாலேயே நீண்ட சுரங்கவழி நீர் பெறும் நிலையங்களில், மேற்புறம் திறந்த பெரிய கிணறு போன்ற ஓர் அமைப்பை வைக்கிறார்கள். அடைப்பிதழ் மூடும்போது ஓடிவந்த நீர் அதற்குள் ஏறி, மெல்ல மெல்ல அமைதி கொள்கிறது. ஓடுவதை நிறுத்த வேண்டுமானால் அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்; மலைப்பாதையில் பேருந்து ஓட்டுபவர்களுக்கு இது நன்கு தெரியும்.

இந்த மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். லக்ஷபானவில் 1950இல் மின்சாரம் பிறந்தது. கம்பிகளில் ஏறிக் கொழும்புக்குப் போனது. சுற்றியுள்ள தோட்டங்களின் லயன் காம்பிராக்களிலோ அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் குப்பி விளக்குகளே எரிந்தன. மலையகத்தின் கணக்கை எழுதியவர்கள் வட்டத்தைச் சிறிதாக வரைந்துகொண்டார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

தோட்டப்புறப் பாடசாலைகளில் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிப்பவை இன்றும் சொற்பமே. பௌதிகவியல் ஆசிரியர் கிடைப்பதும் அரிது. ஆய்வுகூடம் இல்லை என்று வருந்தும் ஆசிரியர்கள், மலைச்சரிவில் இறங்கும் அந்தக் குழாய்களை ஒருநாள் தங்கள் மாணவர்களுக்குக் காட்டட்டும். சமன்பாட்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதலில் அந்தத் தண்ணீர் எதைக் கொண்டுவந்தது, யாரிடம் கொடுத்தது, எதை மிச்சம் வைத்துப் போகிறது என்று பிள்ளைகள் கேட்கட்டும். அப்படிக் கேட்கப் பழகிய பிள்ளை, வேறு கணக்குகளையும் ஒருநாள் கேட்கும்.